கட்டியகாரன் முதல் ஓப்பன் மைக் வரை

சென்ற மாதம் கலியாண வீடொன்றுக்காகக் கிண்ணியாவுக்குச் சென்றிருந்தேன். விருந்து முடிந்த பிறகு, குறிஞ்சாக்கேணியில் பழைய நண்பர் ஒருவரின் வீட்டு விறாந்தையில் உட்கார்ந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தோம். நண்பரின் மருமகன் ஒரு கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கித் தயங்கி வந்தார். இருபத்திரண்டு வயதிருக்கும். கொழும்பில் நடக்கும் 'ஓப்பன் மைக்' ஒன்றுக்குப் பெயர் கொடுத்திருக்கிறாராம். யாரும் பெயர் கொடுக்கலாம். ஐந்து நிமிடம் ஒலிவாங்கி அவருக்குச் சொந்தம். அதற்குள் அவையைச் சிரிக்க வைக்க வேண்டும்.

"சேர், நீங்க அந்தக் காலத்து ஆக்களையெல்லாம் நேர்ல பாத்தவர். எனக்கு ஒரு வழி சொல்லுங்க" என்றார்.

நாற்பது ஆண்டுக் காலப் பத்திரிகைத் தொழிலில் நான் நகைச்சுவையைவிட மரண அறிவித்தல்களையே அதிகம் எழுதியிருக்கிறேன். ஆயினும் சிரிக்க வைத்தவர்களை முன்வரிசையில் அமர்ந்து பார்த்திருக்கிறேன். எனவே அந்த இளைஞருக்கு நான் சொன்னது அறிவுரை என்பதைவிட வரலாறு என்பதே பொருந்தும். ரொறன்ரோவிலும் லண்டனிலும் சென்னையிலும் இதே கொப்பியோடு தயங்கி நிற்கும் பிள்ளைகள் இருப்பார்கள் என்பதால் அதை இங்கே பதிவு செய்கிறேன்.

தனி ஒருவர் மேடையில் நின்று அவையோடு நேரடியாகப் பேசிச் சிரிப்பூட்டுவது மேற்கிலிருந்து நேற்று வந்திறங்கிய சரக்கு என்று பலரும் எண்ணுகிறார்கள். நமது கூத்தின் கட்டியகாரனை மறந்தவர்கள்தாம் அப்படி எண்ண முடியும். அரசன் பாட்டிலே பேசுவான்; கட்டியகாரன் ஊர்ப் பேச்சிலே பேசுவான். அரசன் கதைக்குள் இருப்பான். கட்டியகாரனோ கதைக்குள் ஒரு காலும் அவைக்குள் ஒரு காலுமாக நிற்பான். முடிசூடியவனைப் பார்த்து "நீ யார்?" என்று கேட்கும் உரிமை அந்த மேடையில் அவனுக்கு உண்டு. விடிய விடிய உட்கார்ந்திருக்கும் சனங்கள் கண்ணயரும் நேரம் அவனுக்குத் தெரியும். இன்று மேடைச் சிரிப்புக் கலைஞர்கள் 'அவையை வாசித்தல்' என்று சொல்லும் வித்தை அதுவேதான்.

தமிழகத்தில் இந்த மரபைத் திரைக்குக் கொண்டு சென்றவர்களில் முதலில் நினைவுக்கு வருபவர் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன். 1949இல் வெளிவந்த 'நல்லதம்பி' படத்தில் அவர் நிகழ்த்திய 'கிந்தனார்' கதாகாலட்சேபத்தைப் பாருங்கள். நந்தனார் சரித்திரத்தின் அச்சை அப்படியே எடுத்துக்கொண்டு, ஒடுக்கப்பட்ட குலத்துச் சிறுவன் ஒருவன் படித்து முன்னேறும் கதையை அதிலே வார்த்தார். அவை சிரித்தது, ஆனால் சிரிப்பு அந்தச் சிறுவன்மேல் விழவில்லை. அவனைத் தள்ளி வைத்தவர்கள்மேல் விழுந்தது. இளைஞரின் கொப்பியில் நான் எழுதிக் கொடுத்த முதல் வரி இதுதான்: சிரிப்பு யார்மேல் விழுகிறது என்று பார்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இலங்கை வானொலியில் 'சானா' என்ற சண்முகநாதனின் 'லண்டன் கந்தையா'வைக் கேட்டு வளர்ந்த தலைமுறை என்னுடையது. அதன் பின் வந்தது 'கோமாளிகளின் கும்மாளம்'. எஸ். ராமதாஸ் மரிக்காராக, ரி. ராஜகோபால் அப்புக்குட்டியாக, எஸ். செல்வசேகரன் உபாலியாக, பி.எச். அப்துல் ஹமீத் ஐயராக வந்தார்கள். அதன் வெற்றி 1976இல் 'கோமாளிகள்' என்ற திரைப்படமாகவும் ஆயிற்று.

இன்றைய இளைஞர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று அந்தப் பாத்திரப் பங்கீட்டில் இருக்கிறது. முஸ்லிம் தமிழ் பேசிய மரிக்கார், ராமதாஸ். பிராமணத் தமிழ் பேசிய ஐயர், அப்துல் ஹமீத். சிங்களவரின் உச்சரிப்பில் தமிழ் பேசிய உபாலி, செல்வசேகரன். அடுத்தவரின் பேச்சை நாவில் ஏற்றி நடித்தார்கள். ஆனால் நால்வரும் ஒரே கூரையின் கீழ் நின்றார்கள். ஒருவரை மட்டும் நிறுத்தி வைத்து மற்ற மூவரும் சிரிக்கவில்லை. அடி முறை வைத்து எல்லோருக்கும் விழுந்தது. அதனால்தான் யாழ்ப்பாணத்திலும் சிரித்தார்கள், கிண்ணியாவிலும் சிரித்தார்கள்.

இந்தப் பாடத்தை நான் அவமானப்பட்டே கற்றேன். எழுபதுகளின் இறுதியில், நான் பணியாற்றிய இடத்தின் ஆண்டு ஒன்றுகூடலில், மலையகத்துப் பேச்சைப் போலி செய்து ஐந்து நிமிடம் 'கலக்கினேன்'. மண்டபம் அதிர்ந்தது. நானும் நிமிர்ந்து நின்றேன். மண்டபத்தின் கோடியில் தேநீர்த் தட்டத்தோடு ஒரு பையன் நின்றிருந்தான். பதுளைப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவன். எல்லோரும் சிரித்தபோது அவனும் சிரிக்க முயன்றதைப் பார்த்தேன். மறுநாள் காலை என் மேசையில் தேநீரை வைத்துவிட்டு, வழக்கமாகச் சொல்லும் இரண்டு வார்த்தைகளைச் சொல்லாமலே போய்விட்டான். தன் பேச்சைக் கேட்டு நான் சிரிப்பேன் என்று அஞ்சியிருக்கிறான். கோமாளிகள் நால்வராக நின்றார்கள். நான் ஒருவனாக நின்று, அங்கே பதில் சொல்ல முடியாத ஒருவனை நால்வர் நடுவே நிறுத்தினேன். வித்தியாசம் அவ்வளவுதான். அவ்வளவும்தான்.

குறிஞ்சாக்கேணி இளைஞரின் கொப்பியிலும் முதல் மூன்று பக்கங்கள் பிறர் பேச்சைப் போலி செய்வதாகவே இருந்தன. அவற்றைக் கிழிக்கச் சொல்லவில்லை. கே.எஸ். பாலச்சந்திரனின் 'அண்ணை றைற்' கேட்டிருக்கிறீர்களா என்று கேட்டேன். கேட்டதில்லை என்றார். தன் கைத்தொலைபேசியில் அப்போதே தேடத் தொடங்கினார்.

1944இல் பிறந்து 2014இல் மறைந்த பாலச்சந்திரன், நம்மிடையே தனிநடிப்பை ஒரு கலையாகவே நிலைநாட்டியவர். 'தணியாத தாகம்' வானொலித் தொடராலும் 'வாடைக்காற்று' திரைப்படத்தாலும் அறியப்பட்டவராயினும், சனங்கள் அவரை நினைவில் வைத்திருப்பது ஒரு பஸ் கண்டக்டராகத்தான். மேடையில் ஒரே மனிதர். பஸ் இல்லை, பயணிகள் இல்லை. அவர் குரலிலும் உடம்பிலும் ஒரு யாழ்ப்பாணத்து பஸ் முழுவதும் ஏறி இறங்கியது. அந்த நெரிசலில் நின்று பயணம் செய்தவர்கள் தங்களையே கண்டு சிரித்தார்கள். பின்னாளில் கனடாவுக்குப் புலம்பெயர்ந்த அவரோடு அந்த பஸ்ஸும் புலம்பெயர்ந்தது.

அவர் செய்ததைக் கூர்ந்து பார்த்தால், புதிதாக மேடையேறுவோருக்கு வேண்டிய பாடங்கள் அனைத்தும் அதில் உண்டு. அவர் எடுத்துக்கொண்டது தனக்கு நன்கு தெரிந்த ஒரு சிறிய இடம். உலகத்தைப் பற்றிப் பேசவில்லை. ஒரு பஸ்ஸைப் பற்றிப் பேசினார். நுணுக்கம் இருந்தால் சிரிப்புத் தானே வரும்.

எஞ்சியவை தொழில் நுணுக்கங்கள். ஐந்து நிமிடம் என்றால் நான்கரை நிமிடத்துக்கு எழுதுங்கள். சிரிப்புக்கும் நேரம் வேண்டும். சிரிப்பைத் தரும் சொல்லை வாக்கியத்தின் கடைசியில் வையுங்கள். வினையைக் கடைசியில் வைக்கும் நம் மொழி இதற்கு வாய்ப்பாக அமைந்திருக்கிறது. அந்தச் சொல்லுக்குப் பின் விளக்கம் சொல்லாதீர்கள். சிரிப்பவர்களின்மேல் ஏறிப் பேசாதீர்கள். மிகச் சிறந்ததை இறுதிக்கும், அதற்கு அடுத்ததைத் தொடக்கத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். பேசுவதைக் கைத்தொலைபேசியில் பதிவு செய்து, மறுநாள் தனியே கேளுங்கள். எங்கே சிரித்தார்கள் என்று நாம் நினைத்ததும் உண்மையில் சிரித்த இடமும் ஒன்றாக இருப்பது அரிது. பிறர் எழுதியதை எடுக்காதீர்கள். சிரிக்காவிட்டால் அவையைத் திட்டாதீர்கள். நேரம் முடிந்ததும் இறங்கிவிடுங்கள்; அடுத்தவரும் கொப்பியோடு காத்திருக்கிறார்.

தோல்வி நிச்சயம் வரும். லண்டனில் 1979இல் தொடங்கப்பட்ட 'கொமடி ஸ்ரோர்' அரங்கில், அவைக்குப் பிடிக்காதவரைச் சேகண்டி அடித்தே இறக்கினார்கள். பின்னாளில் பெயர் பெற்ற பலர் அந்த ஓசையைக் கேட்டவர்கள்தாம். நம் ஊர்க் கூத்துக் களரியிலே சேகண்டி இல்லை. பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்து போவார்கள். இரண்டும் ஒன்றுதான்.

இன்னொன்றையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 2023 ஏப்ரலில் கொழும்பில் நிகழ்ச்சி நடத்திய நதாஷா எதிரிசூரிய, பௌத்தத்தை இழிவுபடுத்தினார் என்ற குற்றச்சாட்டில், மன்னிப்புக் கேட்ட பின்னரும், அவ்வாண்டு மே மாத இறுதியில் கைது செய்யப்பட்டார். எடுத்தாளப்பட்டது 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம். குடியியல் மற்றும் அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையின் பெயரைத் தாங்கிய சட்டம். ஜூலை மாதம் மேல் நீதிமன்றமே பிணை வழங்கியது. 'நவரசம்' என்ற தமிழ்க் கவிதை நூலை எழுதிய மன்னார் அஹ்னாஃப் ஜஸீம் 2020 மே மாதத்தில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதாகி, 2023 டிசம்பரில்தான் குற்றமற்றவராக விடுவிக்கப்பட்டார். பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரு பகுதியை வெட்டி இணையத்தில் விட்டால் முழுப் பேச்சும் காணாமற் போய்விடும் காலம் இது. எந்தச் சொல்லுக்கு விலை கொடுக்கத் தயார் என்பதைப் பேசுபவரே முன்கூட்டித் தீர்மானித்திருக்க வேண்டும். கட்டியகாரனுக்கு அரசன் தந்த பாதுகாப்பு ஒலிவாங்கிக்கு இல்லை.

இவையெல்லாம் பேசி முடித்த பிறகு, கொப்பியின் கடைசிப் பக்கத்தை இளைஞர் மறைப்பதைக் கண்டேன். கேட்டதும் காட்டினார். இரண்டே வரிகள்: "எல்லா ஊர்லயும் பாதைல மனிசன் போவான். எங்கட ஊர்ல பாதையே போகும்."

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். எங்கள் பக்கத்தில் ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி நீரைக் கடக்கும் மிதவைக்குப் 'பாதை' என்றே பெயர். 2009 அக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை திருகோணமலை நகருக்குச் செல்லப் பாதையையே நம்பியிருந்தார்கள். குறிஞ்சாக்கேணியில் புதிய பாலம் கட்டுவதற்காகப் பழையதை அகற்றியபோது, மீண்டும் பாதை வந்தது. 2021 நவம்பர் 23ஆம் திகதி காலை அது கவிழ்ந்தது. பள்ளிக்குப் புறப்பட்ட பிள்ளைகள் உட்படப் பலர் மாண்டனர்.

"இது சிரிக்கிற விசயமில்ல, சேர். அதான் மறைச்சேன்" என்றார். அன்று காலை அடுத்த தடவையில் ஏறுவதற்காகக் கரையில் நின்றவர்களில் அவரும் ஒருவர்.

உடனே என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நண்பரும் பேசவில்லை. சற்று நேரம் கழித்துச் சொன்னேன்: "தம்பி, இந்தக் கொப்பியில உங்கட சொந்த வரி இது மட்டுந்தான். ஆனா பிள்ளையப் பறிகொடுத்த ஒரு உம்மா முன்வரிசையில இருக்கிறா எண்டு நினைச்சு எழுதுங்க. அவ தலையக் குனிஞ்சா, வரி பிழை. பாலத்துக்குப் பொறுப்பா இருந்தவங்க தலையக் குனிஞ்சா, வரி சரி."

கடந்த வாரம் ஒரு குரற்பதிவு அனுப்பியிருந்தார். கொழும்பு மேடையில் முதல் இரண்டு நிமிடங்கள் ஒரு சிரிப்பும் இல்லை. மூன்றாவது நிமிடத்தில் பாதை வரி வருகிறது, நல்ல சிரிப்பு. அடுத்த வரியில், தான் கரையில் நின்ற அந்தக் காலையைச் சொல்கிறார். அவை அப்படியே அடங்குகிறது. ஒருவரும் எழுந்து போகும் ஓசை கேட்கவில்லை. பிறகு அடிக்கற்களைப் பற்றி ஒரு வரி: நாட்டில் நட்ட அடிக்கற்களையெல்லாம் பிடுங்கி அந்த நீரில் போட்டிருந்தால் பிள்ளைகள் நடந்தே பள்ளிக்கூடம் போயிருப்பார்கள் என்கிறார். அதற்கு எழுந்த சிரிப்பு வேறு வகையானது. கோபம் கலந்தது.

நான்கு நிமிடம் நாற்பது விநாடியில் இறங்கிவிட்டார். கீழே ஒரு குறுஞ்செய்தி: "முதல் மூணு பக்கத்தையும் கிழிச்சிட்டேன், சேர்."

நான் கிழிக்கச் சொல்லவில்லை என்பதை மறுபடியும் இங்கே எழுதி வைக்கிறேன்.