சொட்டும் பெட்ரோலுக்கும் ஒரு வரலாறு உண்டு

உறை போர்த்தி வருஷக்கணக்காக நிற்கும் பழைய கார் எந்தக் குடியிருப்பின் கீழ்த்தளத்திலும் ஒன்றாவது இருக்கும். அவற்றின் அழகைப் பற்றி எழுத நிறைய பேர் இருக்கிறார்கள். காலை நடைக்கு இறங்கும்போது உங்கள் மூக்கில் ஏறும் பெட்ரோல் வாடையைப் பற்றி எழுதினால் கொஞ்சம் உபயோகமாக இருக்கும் என்று தோன்றியது. அந்த வாடைக்குப் பின்னால் நூறு வருஷக் கதை இருக்கிறது.

ஆரம்ப காலக் கார்கள் பலவற்றில் பெட்ரோல் பம்பே கிடையாது. மொட்டை மாடித் தொட்டியிலிருந்து நம் வீட்டுக் குழாய்க்குத் தண்ணீர் இறங்குவதுபோல், டேங்கிலிருந்து கார்புரேட்டருக்குப் பெட்ரோல் தானாக இறங்கும். ஃபோர்டு மாடல் டி காரில் டேங்க் முன் இருக்கைக்கு அடியில் இருந்தது. பெட்ரோல் குறைவாக இருக்கும்போது செங்குத்தான மேட்டில் ஏறினால் எஞ்சின் உயர்ந்து, டேங்க் தாழ்ந்துவிடும், வண்டி நின்றுவிடும். அதனால் காரைத் திருப்பி, ரிவர்ஸ் கியரில் ஏற்றுவார்கள். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் வரை அப்படிப் போவதை நினைத்துப் பாருங்கள், கழுத்து என்ன ஆவது!

1920களின் பிற்பகுதியில் எஞ்சினே ஓட்டும் மெக்கானிக்கல் பம்ப் பரவத் தொடங்கியது. உள்ளே ரப்பர் ஏற்றிய துணியாலான ஒரு வட்டு, டயாஃப்ரம், மேலும் கீழும் அசைந்து பெட்ரோலை இழுத்துத் தள்ளும். டேங்க் காரின் பின்பக்கம் போனது. எஞ்சின் முன்னால், டேங்க் பின்னால், நடுவில் நீளமான உலோகக் குழாய், இரண்டு மூன்று ரப்பர் ஹோஸ், கார்க் வாஷர்கள், க்ளிப்புகள். இத்தனை இணைப்பு வந்த பிறகு கசிவதற்கு இடமா இல்லை?

நம் பக்கத்துப் பெரியவர்கள் ‘கரி பஸ்’ என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தபோது, கரியை எரித்து வரும் வாயுவில் பஸ் ஓட்டினார்கள். மதுரை டி.வி.எஸ். நிறுவனம் அதற்கான கேஸ் பிளாண்டைச் செய்து விற்றது. அப்போது ஒரு சொட்டு பெட்ரோல் கீழே விழுந்தால் அது காசு மட்டுமல்ல, அடுத்த பயணமே போன மாதிரி.

சுதந்திரத்துக்குப் பிறகு நமக்குக் கிடைத்த கார்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. உத்தர்பாராவில் செய்த அம்பாசிடர், பம்பாயில் செய்த ஃபியட் (பின்னாளில் பத்மினி), நம் சென்னைப் பக்கத்தில் செய்த ஸ்டாண்டர்டு. இதில் 1961-இல் வந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு மேல் எனக்குத் தனிப் பாசம் உண்டு. இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டுதான் அது. ஆனால் நாலு கதவு வைத்த ஹெரால்டு நம் நாட்டில் மட்டுமே வந்தது. பானெட் முழுவதும் முன்பக்கமாக மல்லாந்து திறக்கும். பம்ப் எங்கே ஒழுகுகிறது என்று நின்றபடியே பார்க்கலாம்.

அந்தக் கார்களோடு சாலையோர வைத்தியமும் வளர்ந்தது. டேங்கில் ஓட்டை என்றால் துணி துவைக்கும் சோப்பைப் பிசைந்து அப்புவார்கள். சோப்பு பெட்ரோலில் கரையாது, அதனால் ஊர் வந்து சேரும்வரை தாங்கும். கோடை வெயிலில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி வண்டி நின்றால் பம்பின்மேல் ஈரத்துணி. இவை எல்லாம் வீடு வந்து சேருவதற்கான வழிகள். வீட்டில் நிறுத்தி வைப்பதற்கான வழிகள் அல்ல.

இப்போது ஏன் கசிவு அதிகமாகத் தெரிகிறது? பெட்ரோலே மாறிவிட்டது. 2003-இல் தமிழ்நாடு உட்பட ஒன்பது மாநிலங்களில் 5 சதவீத எத்தனால் கலப்பு தொடங்கியது. 2022-இல் 10 சதவீதம்; 2025-இல் 20. எத்தனால் பழைய ரப்பரை உப்பவைத்து இளக்கும், காற்றின் ஈரத்தை இழுத்து டேங்கைத் துருப்பிடிக்கவைக்கும், குழாயில் படிந்த பழைய பிசினைக் கரைத்துக்கொண்டு வரும். அந்தப் பிசின்தான் பல இடங்களில் ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தது! பழைய வண்டிகளில் சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற வேண்டி வரலாம் என்று அரசே சொல்லியிருக்கிறது. ஓட்டாமல் நிறுத்திய காரில் கார்க் வாஷர் காய்ந்து சுருங்குவது தனிக் கதை.

ஆகவே உங்கள் வீட்டில் பழைய கார் இருந்தால் ரப்பர் ஹோஸ் எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றிவிடுங்கள். கடையில் எத்தனால் தாங்குவது என்று கேளுங்கள். ஹோஸின் மேல் எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்று அச்சிட்டிருக்கும். அடுத்து, ஆயில் குச்சியை உருவி முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தாலோ ஆயில் மட்டம் ஏறியிருந்தாலோ பம்பின் டயாஃப்ரம் கிழிந்து, பெட்ரோல் எஞ்சினுக்குள் இறங்குகிறது என்று சந்தேகிக்கலாம். வெளியே ஒரு சொட்டும் தெரியாது. அதுதான் பொல்லாத கசிவு. டேங்கைப் பற்றவைக்க வேண்டுமென்றால் கழற்றி, நன்றாகக் கழுவி ஆவியை வெளியேற்றும் பட்டறையில் மட்டும் கொடுங்கள். நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க் ஆபத்தானது, உள்ளே நிற்பது ஆவி என்பதால்.

இது கார் வைத்திருப்பவர் பிரச்சினை மட்டும் அல்ல. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து பள்ளத்திலும் வடிகாலிலும் தங்கும். கீழ்த்தளத்தில் தண்ணீர் மோட்டாரின் ஸ்விட்ச் இருந்தால், அது போடும் ஒரு பொறி போதும். காற்றில் ஒன்றரை சதவீதத்துக்கும் சற்றுக் குறைவாக ஆவி கலந்திருந்தாலே பற்றிக்கொள்ளும். வாடை வந்தால் எந்த ஸ்விட்சையும் தொடாதீர்கள், காரை ஸ்டார்ட் செய்யாதீர்கள். முடிந்தால் நாலு பேர் சேர்ந்து வெளியே தள்ளுங்கள், சிந்தியதன்மேல் மணல் போடுங்கள், காவலாளிக்கும் சொல்லிவையுங்கள்.

முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய கார்களுக்கு 2021 முதல் ‘வி.ஏ.’ எழுத்துகளோடு வின்டேஜ் பதிவு எண் உண்டு. அவற்றைத் தினசரி ஓட்டக் கூடாது. ஆனால் பெட்ரோல் போடவும் பராமரிப்புக்கும் எடுத்துப்போக விதியிலேயே அனுமதி இருக்கிறது. அதனால் மெக்கானிக்கிடம் கொண்டுபோக முடியவில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.