யாருடைய அனுமதி?

என் பழைய மடிக்கணினியில் வைஃபை அடிக்கடி அறுந்துகொண்டே இருந்தது. ரிப்பேர் கடைத் தம்பி வேறு கார்டு போட்டார். ஆன் செய்தால், 'அனுமதியில்லாத கார்டு' என்று கறுப்புத் திரையில் காட்டி அப்படியே நின்றுவிட்டது. காசு கொடுத்து வாங்கியவன் நான். அனுமதி யாரிடம் கேட்பது?

வரலாறு நடத்தியவன் சும்மா இருப்பேனா, தேடிப் படித்தேன்.

2003 வாக்கிலேயே ஐ.பி.எம். திங்க்பேடுகளில் இந்தச் சங்கதி இருந்திருக்கிறது. கணினி விழிக்கும்போதே பயாஸ், கார்டின் அடையாள எண்ணைத் தன் பட்டியலோடு ஒப்பிடும். அதில் இல்லையென்றால் 1802 என்ற பிழை எண். கார்டையும் உள்ளிருக்கும் ஆன்டெனாவையும் சேர்த்துத்தான் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் சான்றளிக்கிறது என்பது சொல்லப்பட்ட காரணம். பொய்யில்லை. ஆனால் அதே சில்லு உள்ள கார்டை வெளியே வாங்கிப் போட்டாலும் எண் வேறு என்று தள்ளிவிடுமே!

இதே ஆணையம்தான் 1968இல் கார்ட்டர்ஃபோன் வழக்கில், ஏடி அண்ட் டி தொலைபேசி வலையில் பிறர் செய்த கருவியையும் இணைக்கலாம், வலைக்குக் கேடு வராதவரை, என்று முடிவு சொன்னது.

அந்த 1802 பூட்டைத் திறந்தது ஒரு குட்டி நிரல். சிமாஸ் நினைவகத்தில் ஒரே ஒரு பிட்டை மாற்றியது, அவ்வளவுதான். பிறகு வந்த மாடல்களில் அது பலிக்கவில்லை. பயாஸையே திருத்த வேண்டியதாயிற்று. பிசகினால் மெஷினே போச்சு.

எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை. தம்பி பட்டியலில் உள்ள பழைய கார்டு தேடுகிறார். அதுவரை யுஎஸ்பி டாங்கிள்தான். தன் ஆன்டெனாவோடு வெளியே தொங்குகிறது. அதை யாரும் எதுவும் கேட்கவில்லை.