கைக்கடிகாரம்: ஒரு நெடுநாள் ஆசையின் வரலாறு

அல்லாஹ்வின் திருப்பெயர் போற்றித் தொடங்குகிறோம்.

பல ஆண்டுகள் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து, சாவி கொடுத்தால் ஓடும் விலையுயர்ந்த கைக்கடிகாரம் ஒன்றை வாங்க விரும்பும் இளைஞர்கள் நம் மஹல்லாக்களில் இருக்கிறார்கள். "ஹள்ரத், இது வீண்விரயம் ஆகுமா?" என்று அவர்கள் கேட்பதுண்டு. ஆகும், ஆகாது என்று ஒரு சொல்லில் விடை கூறுவதற்கு முன், முஸ்லிம்களுக்கும் கடிகாரத்துக்கும் உள்ள நெடிய உறவை அறிந்துகொள்வது நல்லது.

ஐவேளைத் தொழுகையும் குறித்த வக்துகளில் கடமையாக்கப்பட்டது. அந்த வக்துகளுக்கு அளவுகோல் கதிரவனே. அஸர் நேரத்தையே எடுத்துக்கொள்வோம். உச்சி வேளை நிழல் நீங்கலாக, ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்தின் ஒரு மடங்கை அடைந்ததும் ஷாஃபிஈ மத்ஹபில் அஸர் தொடங்குகிறது. ஹனஃபி மத்ஹபில் இரு மடங்கு ஆகவேண்டும். பள்ளிவாசல் சுவரில் இரண்டு அஸர் நேரங்கள் எழுதப்பட்டிருப்பதன் காரணம் இதுவே. அந்த அட்டவணைக்குப் பின்னால் நிற்பது ஒரு நிழல்.

கதிரவனைக் கணக்கில் வைத்து வாழ்வோர் நாம் மட்டும் அல்லர். திண்டிவனம், செஞ்சிப் பகுதியிலுள்ள மேல்சித்தாமூர் தமிழ்ச் சமணர்களின் மடம் அமைந்த ஊர். மரபைப் பேணும் சமணர்கள் கதிரவன் மறைந்தபின் உண்பதில்லை. ரமளான் மாதத்திலோ, கதிரவன் மறைந்த பின்பே நாம் நோன்பு திறக்கிறோம். ஒரே அந்தி ஒரு வீட்டில் உணவை முடித்து வைக்கிறது. மறு வீட்டில் தொடங்கி வைக்கிறது. நேரத்தை அறிவது இவ்விரு சமயத்தாருக்கும் வழிபாட்டின் ஒரு பகுதியாகவே இருந்து வந்துள்ளது.

இந்தத் தேவையே முஸ்லிம் அறிஞர்களைக் கடிகாரக் கலைஞர்களாக்கியது. கலீஃபா ஹாரூன் அர்ரஷீத் அனுப்பிய நீர்க்கடிகாரம் 807ஆம் ஆண்டில் ஐரோப்பிய மன்னர் சார்லமேனின் அவையை அடைந்தபோது, அங்கிருந்தோர் அதை அதிசயமாகவே பதிவு செய்தனர். பிற்காலத்தில் தியார்பக்கிர் நகரில் அர்துகீ மன்னர்களிடம் பணியாற்றிய அல்ஜஸரீ, இயந்திரங்கள் பற்றிய தம் நூலை 1206இல் முடித்தார். அதில் வரும் யானைக் கடிகாரம் பெரும்புகழ் பெற்றது. அந்த யானையின் வயிற்றுக்குள் இருந்தது என்ன தெரியுமா? அடியில் சிறு துளையிட்ட ஒரு கிண்ணம். அது நீரில் மெல்ல மெல்ல மூழ்கும். மூழ்கியதும் கடிகாரம் ஒலி எழுப்பும். நம் தமிழகத்தில் 24 நிமிடமாகிய ஒரு நாழிகையை அளந்த நாழிகை வட்டிலும் இதே முறையில் இயங்கியதுதான். இந்திய மண்ணின் அறிவை வாங்கி, அதை வளர்த்தெடுத்துத் தம் கடிகாரத்தை யானையின் உருவிலேயே அமைத்தார் அல்ஜஸரீ.

பெரிய பள்ளிவாசல்களில் வக்துகளைக் கணிப்பதற்கென்றே 'முவக்கித்' என்னும் அறிஞர் அமர்த்தப்பட்டார். திமிஷ்க் நகரின் உமையா பள்ளிவாசலில் அப்பொறுப்பை வகித்த இப்னு ஷாத்திர் 1371இல் அதன் மினாராவுக்காகப் பெரும் நிழற்கடிகாரம் ஒன்றை அமைத்தார். அதே திமிஷ்கில் 1526இல் பிறந்த தகீயுத்தீன், சுருள்வில்லாலும் எடைக்கல்லாலும் ஓடும் கடிகாரங்களைப் பற்றித் தனிநூலே எழுதினார். இஸ்தான்புல்லில் அவருக்காக எழுந்த வானாய்வகம் 1580இல் இடிக்கப்பட்டது.

அவருக்குப் பின் அம்முயற்சி நம்மவரிடையே பெருந்தொழிலாக வளரவில்லை. உஸ்மானியர் சந்தைக்கென ஐரோப்பியக் கைவினைஞர்கள் நம் எண்களைப் பொறித்துக் கடிகாரங்களைச் செய்து அனுப்பினார்கள். செய்து கொடுத்த சமுதாயம் வாங்கி அணியும் சமுதாயமாயிற்று. இன்று கடைக் கண்ணாடிக்குள் இருக்கும் கடிகாரத்தைப் பார்த்து ஏங்கும் இளைஞர் இந்த வரலாற்றையும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

நம் நாட்டுக்கு வருவோம். ஆங்கிலேயர் காலத்தில் ஃபேவர் லூபா, வெஸ்ட் எண்ட் போன்ற சுவிஸ் கடிகாரங்கள் இங்கே விற்பனைக்கு வந்தன. அவை வசதி படைத்தோரின் உடைமை. 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் துணையுடன் பெங்களூரில் எச்.எம்.டி. கைக்கடிகாரத் தொழிற்சாலை தொடங்கியது. அதன் 'ஜனதா' கடிகாரத்துக்குத் தினமும் சாவி கொடுக்கவேண்டும். நொடிக்கு ஐந்து முறை துடிக்கும். பின்னர் வளைகுடா நாடுகளுக்குச் சபுர் சென்றவர்கள் ஊர் திரும்புகையில், அத்தரும் துணியும் வைத்த பெட்டியில் ஒரு கைக்கடிகாரமும் இருக்கும். அதை அணிந்து ஜும்ஆவுக்கு வருபவரை ஊரே திரும்பிப் பார்க்கும்.

இங்கே கசப்பான ஓர் உண்மையையும் சொல்லியாகவேண்டும். நம் வீடுகள் பலவற்றில் ஆண்மகனின் முதல் கைக்கடிகாரம் அவன் உழைப்பில் வந்ததன்று. பெண்வீட்டார் மீது சுமத்திய கைக்கூலியில் வந்தது. மஹர் கொடுத்து மணம் முடிக்கவேண்டியவன், கடிகாரத்துக்குக் கை நீட்டினான். எச்.எம்.டி. தொழிற்சாலை பிறந்த அதே 1961ஆம் ஆண்டில்தான் வரதட்சணைத் தடைச் சட்டமும் பிறந்தது. கடிகாரம் ஊரெங்கும் பரவியது, சட்டம் பரவவில்லை.

1969 டிசம்பர் 25 அன்று ஜப்பானின் சீக்கோ நிறுவனம் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அன்று அதன் விலை ஒரு சிறிய காரின் விலைக்கு ஈடாக இருந்தது. காலப்போக்கில் விலை வீழ்ந்தது. 1984இல் தமிழக அரசின் டிட்கோ நிறுவனத்தோடு கூட்டாகத் தொடங்கிய டைட்டன், ஓசூரிலிருந்து குவார்ட்ஸ் கடிகாரங்களை நாடெங்கும் கொண்டுசென்றது. 2016 ஜனவரியில் எச்.எம்.டி. கைக்கடிகார நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

இவ்வரலாறு நமக்கு ஒன்றைத் தெளிவாக்குகிறது. குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. சில நூறு ரூபாய்க் கடிகாரம் மாதத்துக்குச் சில நொடிகளே பிசகும். பல இலட்ச ரூபாய் இயந்திரக் கடிகாரமோ ஒரு நாளிலேயே சில நொடிகள் பிசகக்கூடும். எனவே, "வக்து தவறாதிருக்க வாங்குகிறேன்" என்று எவரும் சொல்ல இயலாது. அதை வாங்குவது கைவேலையின் அழகுக்காகவே. அழகை விரும்புவது குற்றமும் அன்று. நல்ல ஆடையும் நல்ல காலணியும் விரும்புவது பெருமையாகாது என்றும், உண்மையை மறுப்பதும் மக்களை இழிவாகக் கருதுவதுமே பெருமை என்றும் நபி (ஸல்) அவர்கள் தெளிவுபடுத்தியுள்ளார்கள்.

ஆனால் அழகுக்கு முன் கடமைகள் வரிசையில் நிற்கின்றன. முதலில் கடன் தீர்ந்திருக்கவேண்டும். பெற்றோர், மனைவி, மக்களின் தேவைகள் நிறைவேறியிருக்கவேண்டும். ஜகாத் பாக்கி இருக்கக்கூடாது. வட்டியோடு கூடிய மாதத் தவணையில் வாங்கினால், மணிக்கட்டில் ஏறுவது கடிகாரமன்று, பாவம். ஆண்களுக்குத் தங்கக் கடிகாரம் கூடாது. அதை அணியாமல் பெட்டியில் வைத்திருந்தாலும் நிஸாபை எட்டினால் அந்தத் தங்கத்துக்கு ஜகாத் உண்டு. சொந்தப் பயன்பாட்டுக்கான எஃகுக் கடிகாரத்துக்கு ஜகாத் இல்லை. விலை ஏறியதும் விற்கலாம் என்ற நோக்கில் வாங்கினால் அது வியாபாரப் பொருள். ஆண்டுதோறும் சந்தை விலையில் நாற்பதில் ஒரு பங்கு கொடுக்கவேண்டும்.

இவ்வரிசை முழுவதையும் கடந்த பின்பும் ஹலாலான சம்பாத்தியத்தில் பணம் மிஞ்சி, ஆசையும் மிஞ்சியிருக்குமானால், வாங்குபவரை நாம் குறை கூறமாட்டோம். பல ஆண்டுகள் பொறுத்திருந்தது வீணாகவில்லை. அந்தக் காத்திருப்பிலேயே அவர் தம் நஃப்ஸை அடக்கக் கற்றிருப்பார். எனினும், அதே தெருவில் பள்ளிக் கட்டணம் கட்ட முடியாத ஒரு பிள்ளை இருப்பின், கடைக்குப் போகும் வழியில் அந்த வீட்டுக் கதவையும் தட்டிவிட்டுப் போகட்டும். சமணர்கள்கூட இல்லறத்தாருக்கு உடைமையில் ஓர் எல்லை வகுத்துக்கொள்ளும் நோன்பை விதித்திருக்கிறார்கள். நடுநிலைச் சமுதாயம் என்று அழைக்கப்பட்ட நமக்கு அந்த எல்லை தெரியாதிருக்கலாகாது.

வாங்கிய பின்பும் ஒரு கணக்கு மீதமிருக்கிறது. திருமறையின் ஓர் அத்தியாயமே காலத்தின் மீது சத்தியத்துடன் தொடங்குகிறது. இலட்ச ரூபாய்க் கடிகாரம் அணிந்த கை ஃபஜ்ர் ஜமாஅத்தில் தக்பீர் கட்டவில்லையெனில், மோதினாரின் பழைய சுவர்க் கடிகாரமே அதைவிட மதிப்பு மிக்கது.

வல்ல அல்லாஹ் நம் செல்வத்திலும் நேரத்திலும் பரக்கத் செய்வானாக! ஆமீன்.