கொளுக்கிப்புழுவும் ஊவாத் தோட்டங்களும்: ஒரு வரலாற்று நோக்கு

பெருந்தோட்ட வரலாறு என்றவுடன் கோப்பி, தேயிலை, கங்காணி, துரை ஆகியனவே நம் நினைவுக்கு வருகின்றன. தொழிலாளரின் குடலில் ஒட்டிக் குருதியை உறிஞ்சிய சிறு புழுவொன்றும் அவ்வரலாற்றிற் பங்கு கொண்டதென்பதைப் பலர் கருத்திற் கொள்வதில்லை.

கொளுக்கிப்புழுவின் முட்டைகள் மலத்தோடு வெளியேறி, ஈரமும் நிழலும் வெப்பமும் உள்ள மண்ணிற் பொரிக்கின்றன. குடம்பிகள் வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்புகுகின்றன. இவ்வுண்மையை லூஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் கெய்ரோவில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிற் கண்டறிந்தார். ஊவாவில் ஹப்புத்தளை போன்ற குளிர்ந்த உயர்நிலங்களினும் பதுளைப் பள்ளத்தாக்கு, பசறை ஆகியவற்றின் வெப்பமான சரிவுகளே இப்புழுவுக்கு உகந்தவை. மலசலகூடமற்ற லயங்களில் வாழ்ந்தோர்க்குத் தேயிலைச் செடிகளின் இடையே ஒதுங்குவதன்றி வேறு வழியில்லை. அதே மண்ணில் அவர்கள் வெறுங்காலுடன் கொழுந்து பறித்தனர்.

1916இல் அமெரிக்காவின் றொக்பெல்லர் நிதியம் மாத்தளைப் பகுதித் தோட்டங்களிற் புழுவொழிப்பு இயக்கத்தைத் தொடங்கியது. பரிசோதிக்கப்பட்ட தொழிலாளரில் நூற்றுக்கு 90 பேருக்கு மேற்பட்டோரிடம் இந்நோய் காணப்பட்டது. தைமோல், செனப்போடியம் எண்ணெய் முதலிய மருந்துகள் வழங்கப்பட்டன. தமிழகத்திலிருந்து வருவோர்க்கு மண்டபம் முகாமிலும் சிகிச்சை அளிக்கப்பட்டது. எனினும், மருந்துண்டவர் அதே மண்ணுக்கே மீண்டமையால் நோயும் மீண்டது. மலசலகூடம் அமைக்கும் செலவைத் தோட்ட உரிமையாளர் பலர் ஏற்கத் தயங்கினர்.

ஈண்டு ஒன்று மனங்கொளத்தக்கது. நோய்க்குக் காரணம் தொழிலாளரின் துப்புரவற்ற பழக்கமே என்று அக்காலத்தில் அடிக்கடி கூறப்பட்டது. லயத்தைக் கட்டியவர் யார், மலசலகூடத்தைக் கட்டாது விட்டவர் யார் என்ற வினாக்கள் அதனால் மறைக்கப்பட்டன. குருதிச்சோகையால் தளர்ந்தவர் 'சோம்பேறி' எனவும் பழிக்கப்பட்டனர். சுரண்டலின் விளைவே சுரண்டப்பட்டோரின் குற்றமாகக் காட்டப்பட்டது எனலாம்.

1994 முதல் 2005 வரை தோட்டப் பாடசாலைகளில் புழுநீக்க மருந்து வழங்கப்பட்டது. நோய் பெரிதும் குறைந்தது. ஆயினும் 2009இல் நடைபெற்ற ஆய்வில் ஏறத்தாழ 29 வீதமான பிள்ளைகளிடம் மண்வழிப் பரவும் குடற்புழுக்கள் இருந்தன. மருந்து புழுவை அகற்றும். புழுவை வளர்க்கும் வாழ்நிலையை அகற்றாது. தூய நீரும் தகுந்த வீடும் மலசலகூடமும் மலையக மக்களுக்கு அருளப்படும் கொடைகள் அல்ல. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அவர்களுக்கு மறுக்கப்பட்டுவந்த உரிமைகளாகும்.