யானை, மாடு, கொக்கு வரைய வரலையா? வட்டமும் முட்டையும் போதும்: தாராசுரம் சிற்பம் சொல்லித்தரும் எளிய உத்தி

யானை எப்படி இருக்கும்னு எல்லாருக்கும் தெரியும். ஆனால் பென்சிலைக் கையில் எடுத்தால் அது பன்றியாகவோ பானையாகவோ வந்து நிற்கிறது. "எனக்கு வரையவே வராது" என்று குழந்தைகள் நோட்டை மூடி வைப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பிரச்சினை கையில் இல்லை, பார்க்கும் முறையில் இருக்கிறது. விலங்கை எளிய வடிவங்களாகப் பிரிக்க வேண்டும். அதை அடையாளம் காட்டும் ஒரு அம்சத்தை மட்டும் கொஞ்சம் மிகைப்படுத்த வேண்டும். கார்ட்டூன் ஓவியர்கள் செய்வது இதைத்தான். தஞ்சை மண்டலச் சிற்பிகள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இதைக் கல்லில் செய்திருக்கிறார்கள். எப்படி என்று பார்க்கலாம்.

ஒரு தலை, இரண்டு உடல்

கும்பகோணத்தை ஒட்டி இருக்கிறது தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில். 12-ம் நூற்றாண்டில் இரண்டாம் ராஜராஜன் கட்டியது. 2004-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது.

இங்கே 'ரிஷப குஞ்சரம்' என்ற சிறிய புடைப்புச் சிற்பம் உண்டு. ரிஷபம் என்றால் காளை, குஞ்சரம் என்றால் யானை. இரண்டு உடல்கள் எதிரெதிராக நிற்கும், தலை மட்டும் ஒன்றுதான். யானையின் உடலைக் கையால் மறைத்தால் காளை தெரியும். காளையின் உடலை மறைத்தால் அதே தலை யானையாகிவிடும்.

இது எப்படிச் சாத்தியம்? ஒரு விலங்கை அடையாளம் காண நம் மூளைக்கு எல்லா விவரமும் தேவையில்லை. நாலைந்து குறிப்புகள் கிடைத்தால் மீதியை அதுவே நிரப்பிக்கொள்ளும். எந்தக் குறிப்புகள் போதும் என்பது அந்தச் சிற்பிக்குத் தெரிந்திருக்கிறது.

பிக்காசோவும் ஒரு காளையும்

ஸ்பெயினில் பிறந்த ஓவியர் பாப்லோ பிக்காசோ 1945 டிசம்பர் முதல் 1946 ஜனவரி வரை ஒரே காளையை 11 நிலைகளில் கல்லச்சுப் படங்களாக உருவாக்கினார். முதல் படங்களில் தசை, முடி, நிழல் எல்லாம் இருக்கும். போகப் போக ஒவ்வொன்றாகக் கழியும். கடைசிப் படத்தில் மிஞ்சுவது சில கோடுகள்தான். ஆனாலும் அது காளைதான் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது.

இதில் கவனிக்க வேண்டியது வரிசையை. முழுக் காளையை நன்றாகப் பார்த்த பிறகுதான் அவர் கோடுகளைக் குறைத்தார். தெரியாததால் விடுவது வேறு, தெரிந்து விடுவது வேறு.

மிகைப்படுத்தினால் ஏன் பிடிக்கிறது?

நரம்பியல் அறிஞர் வி.எஸ்.ராமச்சந்திரன், வில்லியம் ஹர்ஸ்டைனுடன் சேர்ந்து 1999-ல் கலை குறித்து ஒரு கட்டுரை வெளியிட்டார். அதில் வரும் எலி உதாரணம் பிரபலம்.

சதுரத்தையும் செவ்வகத்தையும் காட்டி, செவ்வகத்தைத் தேர்ந்தெடுத்தால் உணவு தருவதாக எலியைப் பழக்குகிறார்கள். பிறகு இன்னும் நீளமான செவ்வகத்தைக் காட்டினால், பழகிய செவ்வகத்தை விட்டுவிட்டு எலி அதை நோக்கித்தான் போகும். எலி கற்றுக்கொண்டது ஒரு குறிப்பிட்ட உருவத்தை அல்ல, 'நீளமாக இருப்பது' என்ற வித்தியாசத்தை.

மிகைப்படுத்திய கலை நம்மை ஈர்ப்பதற்கும் இதுபோன்ற காரணம் இருக்கலாம் என்பது அவர்கள் வாதம். அதற்கு அவர்கள் காட்டிய உதாரணம் சோழர் காலப் பார்வதி செப்புத்திருமேனி. கலைக்கு இது மட்டும்தான் காரணமா என்று விவாதம் உண்டு. ஆனால் வரையப் பழகுபவருக்கு இது நல்ல விதி: வித்தியாசத்தைக் கண்டுபிடி, அதைப் பெரிதாக்கு.

சரி, எப்படித் தொடங்குவது?

யானை

* உடலுக்கு ஒரு பெரிய முட்டை வடிவம். தலைக்கு ஒரு வட்டம். கால்களுக்கு நான்கு தூண்கள்.
* நெற்றியில் இரண்டு மேடுகள் வையுங்கள். முதுகை வில் போல மேலே வளையுங்கள். இவை இரண்டும் ஆசிய யானையின் அடையாளம்.
* காதைச் சிறியதாகவே வையுங்கள். பல கார்ட்டூன்களில் வரும் பெரிய விசிறிக் காது ஆப்பிரிக்க யானையுடையது. அதன் முதுகு நடுவில் குழிந்திருக்கும்.
* பாதத்தைத் தாராளமாக அகலமாக்கலாம். முன்னங்கால் பாதத்தின் சுற்றளவை இரண்டால் பெருக்கினால் ஏறக்குறைய யானையின் தோள் உயரம் வரும். அவ்வளவு பெரிய பாதம் அது.

உம்பளச்சேரி மாடு

இது காவிரி டெல்டாவின் சொந்த இனம். சேற்று வயலில் உழைக்கப் பேர்போனது. கொம்பைத் தீய்த்துவிடும் பழைய வழக்கத்தால் 'மொட்டை மாடு' என்றும் சொல்வார்கள்.

* உடலுக்கு ஒரு செவ்வகம், முனைகளை உருட்டிவிடுங்கள். தலைக்குக் கீழே குறுகும் முக்கோணம்.
* கால்களைக் குட்டையாக, உறுதியாக வையுங்கள்.
* தோளுக்கு மேல் அரைவட்டமாகத் திமில். காளை என்றால் இதைத் தயங்காமல் பெரிதாக்கலாம்.
* நெற்றியில் வெள்ளைச் சுட்டி, காலில் சாக்ஸ் போட்ட மாதிரி வெள்ளை. இந்த இரண்டு போதும், டெல்டாக்காரர்கள் பார்த்ததும் சொல்லிவிடுவார்கள்.
* கன்று என்றால் செம்பழுப்பு வண்ணம். வளர வளரச் சாம்பல் நிறமாகிவிடும்.

கொக்கு

* உடலுக்குச் சாய்ந்த முட்டை. கழுத்துக்கு ஒரு பாம்பு வளைவு. அலகுக்கு ஒரு ஈட்டி முனை.
* கழுத்தையும் காலையும் நிஜத்தைவிட நீளமாக இழுங்கள். மிகைப்படுத்த வேண்டியது இங்கேதான்.
* காலின் நடுவில் பின்பக்கமாக மடங்குவது முழங்கால் இல்லை, கணுக்கால். முழங்கால் மேலே இறகுக்குள் மறைந்திருக்கும். இது தெரிந்தால் கொக்கு நிற்கும் தோரணை தானாக வரும்.

பொதுவாகச் செய்யும் தவறுகள்

1. கண்ணிலிருந்து தொடங்குவது. முதலில் பெரிய வடிவம், கடைசியில்தான் கண்.
2. எல்லாவற்றையும் மிகைப்படுத்துவது. காதும் பெரிது, கண்ணும் பெரிது, காலும் பெரிது என்றால் எதுவுமே பெரிதாகத் தெரியாது. ஒன்று அல்லது இரண்டு போதும்.
3. முதல் கோட்டையே அழுத்திப் போடுவது. வடிவங்களை லேசாகப் போட்டு, சரிபார்த்த பிறகு வெளிக்கோட்டை அழுத்துங்கள்.
4. படத்தைப் பார்த்தே படம் வரைவது. ஒரு முறையாவது நிஜ விலங்கைப் பார்த்து வரையுங்கள்.

நாலாவது விஷயம் ஏன் முக்கியம்?

பசு என்றதும் பல படப் புத்தகங்களிலும் செயலிகளிலும் வருவது கறுப்பு வெள்ளைத் திட்டு போட்ட மாடு. அது ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன் என்ற ஐரோப்பிய இனம். அதற்குத் திமில் கிடையாது. அதையே பார்த்து வளரும் பிள்ளை, வாசலில் கட்டியிருக்கும் மாட்டை வரையும்போதும் திமிலை விட்டுவிடும். யாராவது திமிலோடு வரைந்தால், "தப்பா இருக்கே" என்றுகூடச் சொல்லும். எளிமைப்படுத்தும்போது எதை வைத்துக்கொள்கிறோம், எதை விடுகிறோம் என்பது சின்ன விஷயம் இல்லை.

தஞ்சையில் எங்கே பார்க்கலாம்?

பெரிய கோயில் நந்தி: நாயக்கர் காலத்தைச் சேர்ந்தது, ஒரே கல்லால் ஆனது. உயரம் சுமார் 12 அடி. பக்கவாட்டில் நின்று பார்த்தால் உடல், திமில், தலை என வடிவங்கள் தனித்தனியாகத் தெரியும். வரையப் பழக ஏற்ற இடம்.

யாளிகள்: சிங்க உடல், யானைத் துதிக்கை என்று கலந்து செய்த கற்பனை விலங்கு. இரண்டு விலங்குகளின் அடையாளங்களைச் சேர்த்து மூன்றாவதை உருவாக்கக் கோயில் தூண்களே பாடம்.

சரசுவதி மகால் நூலக அருங்காட்சியகம்: பிரெஞ்சு அரசவை ஓவியர் சார்ல் லெ ப்ரூனின் (1619–1690) படங்கள் இங்கே உள்ளன. மனித முகங்களை ஆடு, மாடு, பறவை முகங்களோடு ஒப்பிட்டு வரைந்தவை. முகத்தை வைத்துக் குணத்தைச் சொல்லலாம் என்ற அந்தக் காலக் கருத்துக்கு அறிவியல் ஆதாரம் இல்லை. ஆனால் மூக்கையோ புருவத்தையோ கொஞ்சம் இழுத்தால் முகம் எப்படி மாறுகிறது என்று கற்க அருமையான படங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

பிள்ளை மாடு வரைந்து கொண்டுவந்தால், "மாடு மாதிரியே இல்லையே" என்று சொல்லாதீங்க. "இது எந்த மாடு?" என்று கேளுங்க. பதில் சொல்வதற்காகவே அடுத்த முறை மாட்டைக் கொஞ்சம் நேரம் நின்று பார்க்கும்.