உடம்பு பயிலும் புணரியல்

அம்மை ஒருமுறை வார்த்தவருக்கு மறுமுறை வாராது என்பதை நம் பாட்டிமார் அறிந்திருந்தனர். முகத்தில் தழும்பு உடையவரே நோயாளியின் அருகிருந்து வேப்பிலை வீசத் தகுந்தவர் என்பது வீட்டு வழக்கம். ஏதென்ஸ் நகரைக் கொள்ளைநோய் சூறையாடிய காலத்தில் துசிடிடீஸ் என்னும் வரலாற்றாசிரியரும் இதையே எழுதிவைத்தார். நோயிலிருந்து பிழைத்தவர்களே நோயாளிகளைப் பேணினர், அவர்களை அந்நோய் இரண்டாம் முறை கொல்லவில்லை என்றார். ஆக, உடம்புக்கு நினைவு உண்டு என்பது பழைய செய்தி. அந்நினைவு எங்கே, எவ்வாறு எழுதப்படுகிறது என்பதைக் கண்டறியத்தான் இருபதாம் நூற்றாண்டு முழுவதும் தேவைப்பட்டது.

புதுவையில் 1823ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சுக்காரர்கள் ஒரு மருத்துவப் பள்ளியைத் தொடங்கிவிட்டனர். இன்று கோரிமேட்டில் ஜிப்மர் என்று நாம் அழைக்கும் மருத்துவமனையின் வேர் அது. அப்பள்ளி தொடங்கிய நாளில் கிருமி என்ற கருத்தே நிலைபெறவில்லை. இன்று அதே மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில், கைவிரல் மூட்டுகள் வீங்கிய பெண்கள் வாரம் ஒருமுறை விழுங்கும் மாத்திரையை வாங்கிச் செல்கின்றனர். ரத்தப் புற்றுக்கு ஆளான குழந்தைகளுக்கும் அதே மருந்துதான். மெத்தோட்ரெக்சேட் என்பது அதன் பெயர். முடக்குவாதத்துக்கும் ரத்தப் புற்றுக்கும் என்ன உறவு? அதை அறிய நாம் சற்றுச் சுற்றித்தான் வரவேண்டும்.

உடம்புக்குள் நுழையும் அயல்பொருளைப் பிறபொருள் என்போம். அதைப் பற்றிப்பிடிக்க உடம்பு உண்டாக்குவது எதிர்ப்பொருள். ஒவ்வொரு பிறபொருளுக்கும் தனித்தனி எதிர்ப்பொருள், பூட்டுக்குச் சாவிபோல. 1900இல் லண்டனில் உரையாற்றிய பால் எர்லிக் என்ற ஜெர்மானிய அறிஞர், இச்சாவிகள் செல்லின் மேற்புறத்தில் முன்னரே முளைத்திருக்கின்றன என்றார். பிறபொருள் வந்து பொருந்தியதும் அவை பெருகி ரத்தத்தில் கலக்கின்றனவாம். அழகிய கருத்துத்தான். ஆனால் கார்ல் லாண்ட்ஸ்டெய்னர் ஒரு சிக்கலை உண்டாக்கினார். இயற்கையில் எங்குமே இல்லாத, ஆய்வுக்கூடத்தில் செய்த வேதிப்பொருள்களைச் செலுத்தினாலும் விலங்குகள் அவற்றுக்கு எதிர்ப்பொருள் உண்டாக்கின. உலகில் இதுவரை இல்லாத பூட்டுக்கு உடம்பு எவ்வாறு முன்கூட்டியே சாவி செய்து வைத்திருக்கும்? ஆகவே பிறபொருளே அச்சாக நின்று எதிர்ப்பொருளை வார்க்கிறது என்றொரு கொள்கை எழுந்தது. 1940இல் லைனஸ் பாலிங் போன்ற பெரும் வேதியியலாளரே அதற்கு ஆதரவாக நின்றார்.

1955இல் நீல்ஸ் யெர்னேயும் 1957இல் ஆஸ்திரேலியாவின் மெக்ஃபார்லேன் பர்னெட்டும் இதைத் தலைகீழாக்கினர். உடம்பு கற்றுக்கொள்வதில்லை, தேர்ந்தெடுக்கிறது என்பது அவர்கள் வாதம். எண்ணிறந்த வெள்ளணுக்கள் ஆளுக்கொரு சாவியோடு காத்திருக்கின்றன. எதன் சாவி பொருந்துகிறதோ அந்த ஓர் அணு மட்டும் பல்கிப் பெருகுகிறது. அதன் வழித்தோன்றல்களே நினைவு. பாட்டி கண்ட உண்மைக்கு உரை கிடைத்துவிட்டது.

இவ்வணுக்கள் எங்கே பயிற்சி பெறுகின்றன என்பதைக் கண்டவர்கள் அதைத் தேடிப் போகவில்லை என்பது இவ்வரலாற்றின் சுவை. அமெரிக்காவின் ஒஹையோவில் புரூஸ் கிளிக் என்ற மாணவர் கோழிக்குஞ்சுகளின் பின்புறத்திலிருந்த பர்சா என்னும் சிறு பையை அறுத்து நீக்கிப் பார்த்தார். பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லை. பின்னர் அவருடைய நண்பர் ஒருவர் வகுப்பில் எதிர்ப்பொருள் உண்டாவதைக் காட்ட அக்கோழிகளை இரவல் பெற்றார். அவற்றில் எதிர்ப்பொருளே உண்டாகவில்லை. இச்செய்தி 1956இல் கோழி வளர்ப்புக்கான ஆய்விதழ் ஒன்றில் வெளிவந்தது. ஐந்தாண்டு கழித்து, லண்டனில் எலிகளின் ரத்தப் புற்றை ஆராய்ந்துகொண்டிருந்த ஜாக் மில்லர், பிறந்த குட்டிகளின் நெஞ்சிலிருந்த தைமஸ் சுரப்பியை நீக்கினார். அக்குட்டிகள் பிற எலிகளின் தோலைத் தம் தோலாகவே ஏற்றுக்கொண்டன, தொற்றுக்கும் எளிதில் இரையாயின. வெள்ளணுக்களின் இடுகாடு என்று அதுவரை கருதப்பட்ட தைமஸ் அவற்றின் பள்ளிக்கூடம் என்று தெரிந்தது. தைமஸில் முதிர்பவை டி செல்கள், பர்சாவில் முதிர்பவை பி செல்கள் என்று பின்னர் பெயரிட்டனர். நமக்குப் பர்சா இல்லை. நம் பி செல்கள் எலும்பு மச்சையில் உருவாகின்றன.

ஆனால் பழைய சிக்கல் தீரவில்லை. கோடானுகோடி சாவிகளுக்கு அத்தனை மரபணுக்கள் வேண்டுமே! மனிதனுக்கு இருப்பவை ஏறத்தாழ இருபதாயிரம் மரபணுக்களே என்பது நாம் இன்று அறிந்தது. 1976இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் சுசுமு டோனெகாவாவும் நொபுமிச்சி ஹொசுமியும் எலிக்கருவின் டிஎன்ஏவையும், எதிர்ப்பொருள் சுரக்கும் கட்டியொன்றின் டிஎன்ஏவையும் ஒப்பிட்டனர். கருவில் தொலைவில் பிரிந்திருந்த துண்டுகள், கட்டியில் அருகருகே இணைந்திருந்தன. மரபணு பிறப்பில் எழுதப்பட்டவாறே நிற்பது என்ற நம்பிக்கை இங்கே உடைந்தது. இக்கண்டுபிடிப்புக்காக 1987இல் டோனெகாவாவுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

தமிழ் பயின்ற நமக்கு இது புதிதாகத் தோன்ற வேண்டியதில்லை. பன்னிரண்டு உயிரும் பதினெட்டு மெய்யும் கூடி 216 உயிர்மெய் பிறக்கவில்லையா? எதிர்ப்பொருளின் கனத்த சங்கிலிக்கு வி, டி, ஜே என மூவகைத் துண்டுகள் உள்ளன. மனிதரில் பயன்படக்கூடியவை முறையே ஏறத்தாழ 40, 23, 6. வகைக்கு ஒன்றாகக் கூட்டினாலே 5,500க்கு மேற்பட்ட சேர்க்கைகள். அதனோடு மெல்லிய சங்கிலியின் சேர்க்கைகளைப் பெருக்கினால் பத்து லட்சத்தைத் தாண்டும். அதுவும் போதாதென்று துண்டுகள் கூடும் இடத்தில் ஒரு புணர்ச்சி விகாரம் நிகழ்கிறது. நன்னூலார் தோன்றல், திரிதல், கெடுதல் என்று மூன்று சொன்னார். பூவும் கொடியும் கூடிப் பூங்கொடி ஆகையில் ஒரு மெய் தோன்றுகிறது, மரமும் வேரும் கூடி மரவேர் ஆகையில் ஒரு மெய் கெடுகிறது. அவ்வாறே இங்கும் சில எழுத்துகள் புதிதாகச் செருகப்படுகின்றன, சில அரிக்கப்படுகின்றன. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. நன்னூலாருக்கு விதி இருந்தது, இங்கே எந்த எழுத்து என்பதற்கு விதி இல்லை. இணைப்புகளில் மூன்றில் இரண்டு பொருளற்றுப் போகின்றன. தைமஸில் நுழையும் இளஞ்செல்களுள் மிகப் பெரும்பாலானவை, சாவி அமையாமலோ தன் உடம்பையே தாக்கும் சாவி அமைந்தோ, அங்கேயே மடிகின்றன. அச்சோதனையில் தப்பிவிடும் சிலவே பின்னாளில் மூட்டுகளை வீங்கவைப்பனவற்றுள் சேர்கின்றன.

இத்துண்டுகளை வெட்டும் கத்தரியை 1989, 1990 ஆண்டுகளில் டேவிட் பால்டிமோரின் ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடித்தனர். ராக் 1, ராக் 2 என்பவை அவை. இவை பழுதான குழந்தைகள் எதிர்ப்பாற்றலே இன்றிப் பிறக்கின்றனர். கத்தரி இருந்து, வெட்டக்கூடாத இடத்தில் வெட்டினாலும் கேடுதான். நிணநீர்ப் புற்று ஒன்றில் அடிக்கடி முறியும் ஒரு மரபணுவில், டிஎன்ஏவின் வடிவம் மாறியிருக்கும் இடத்தை ராக் வெட்டுகிறது என்பதை 2004இல் நேச்சர் இதழில் காட்டிய குழுவின் முதல் ஆசிரியர் சதீஸ் ராகவன். பின்னர் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் இவ்வாய்வைத் தொடர்ந்தார். குழந்தைகளின் ரத்தப் புற்றுள் மிகுதியானது, முதிர்ச்சி பாதியில் நின்றுபோன இத்தகைய இளஞ்செல்களின் கட்டற்ற பெருக்கமே. அவற்றுள் சிலவற்றிலும் இக்கத்தரியின் தவறான தழும்புகள் காணப்படுகின்றன.

இனி அந்த மாத்திரைக்கு வருவோம். 1895இல் பீமவரத்தில் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். காந்தியின் அழைப்பை ஏற்று அறுவைக்கூடத்திலும் கதராடை உடுத்தியதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் வெறுப்புக்கு ஆளாகி, முழுப்பட்டம் பெறாமல் எல்.எம்.எஸ். மட்டும் பெற்றார். உடன்பிறந்தவரைக் குடல்நோய்க்குப் பறிகொடுத்தவர். அமெரிக்கா சென்று ஹார்வர்டில் ஆய்வு செய்தும் அங்கு நிலையான பணி கிடைக்கவில்லை. லெடர்லி நிறுவனத்தில் அவருடைய குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகச் செய்தது, பிறகு அதன் போலியான அமினாப்டெரினையும் செய்தது. விரைந்து பெருகும் செல் டிஎன்ஏ எழுத ஃபோலிக் அமிலம் வேண்டும். போலியை உண்ட செல் எழுத முடியாமல் நின்றுபோகும். பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் இதை 16 குழந்தைகளுக்குக் கொடுத்து, 10 பேரிடம் தற்காலிகத் தேற்றம் கண்டதை 1948 ஜூனில் வெளியிட்டார். இரண்டு மாதங்களில் சுப்பாராவ் மறைந்தார். மெத்தோட்ரெக்சேட் அமினாப்டெரினின் தம்பி. பிறழ்ந்த வெள்ளணுக்களின் பெருக்கத்தைத் தடுக்க மிகுந்த அளவில் தரப்படும் அதுவே, தன் உடம்பைத் தாக்கும் வெள்ளணுக்களை அடக்கக் குறைந்த அளவில் தரப்படுகிறது. தென்னிந்தியத் தமிழரிடையே இம்மருந்தின் பலன் மரபணு வேறுபாட்டால் மாறுகிறதா என்று ஜிப்மர் மருத்துவர்களே ஆராய்ந்து எழுதியிருக்கின்றனர்.

மருத்துவமனைத் தாழ்வாரங்களில் தாய்மார் ஒரு கேள்வியைத் தமக்குள் கேட்டுக்கொள்வதை நாம் அறிவோம். யார் செய்த பாவம் இது? இவ்வரலாறு அதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது. இதுவரை வராத நோய்க்கும் சாவி செய்துவைக்க, உடம்பு தன் எழுத்தையே வெட்டி ஒட்டத் துணிகிறது. அத்துணிவினால்தான் நாம் அனைவரும் உயிரோடிருக்கிறோம். அதே துணிவு எங்கோ ஒரு குழந்தையிடம் ஓர் எழுத்தைப் பிழையாக வெட்டிவிடுகிறது. பிழையை யாரும் செய்யவில்லை. அப்பிழைக்கும் ஒரு பயன் உண்டு. நோய்ச்செல்கள் யாவும் ஒரே புணர்ச்சியின் வழித்தோன்றல்கள் ஆகையால், சிகிச்சைக்குப் பின் பத்தாயிரம் செல்களில் ஒன்றே எஞ்சியிருந்தாலும் அவ்விணைப்பின் எழுத்தைக் கொண்டே மருத்துவர் அதைக் கண்டுகொள்கிறார்.