அரிக்கமேடு: ரோமானிய ஊரா, தமிழ்த் துறைமுகமா?

புதுச்சேரிக்குத் தெற்கே சுமார் 4 கி.மீ. தொலைவில், அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அமைந்த தொல்லியல் மேடு அரிக்கமேடு. தாலமி குறிப்பிடும் ‘பொதுகே’ துறைமுகம் இதுவே என்பர். அரிக்கமேட்டில் கிடைத்த மணிகளை 1930-களிலேயே பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரேய் கவனித்திருந்தார். 1944-இல் எழும்பூர் அருங்காட்சியக அலமாரியில் ஆம்போரா எனும் மதுச்சாடியின் உடைந்த கழுத்தையும் கைப்பிடியையும் கண்ட மார்ட்டிமர் வீலர், மறு ஆண்டே இங்கு அகழ்ந்தார். இத்தாலியச் செந்நிறப் பளபளப்புக் கலங்கள், செங்கல் பண்டகசாலை, தொட்டிகள் ஆகியவை வெளிப்பட, இதை ‘இந்திய ரோமானிய வணிக நிலையம்’ என்றார். அந்தப் பெயரில் ‘இந்திய’ உதிர்ந்து ‘ரோமானிய’ மட்டும் ஊர்வாயில் நிலைத்துவிட்டது.

அது பொருந்தாது. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினர் நடத்திய அகழாய்வு, ரோமானியச் சரக்கு வருவதற்கு முன்பே இங்கு மக்கள் குடியிருந்ததைக் காட்டியது. ரோமிலிருந்து வந்ததாக வீலர் கருதிய உருளைக்கோட்டு வட்டில்கள் இந்திய மண்ணில் வனைந்தவை எனப் பின்னர் தெளிந்தது. ஆம்போராக்களிலும் தொடக்ககாலத்தவை கிரேக்கத் தீவான கோஸைச் சேர்ந்தவை. ஓடுகளில் தமிழ் பிராமி எழுத்துகள் உள்ளன. கண்ணாடி மணி செய்யும் பட்டறைகள் இங்கேயே இயங்கின. யவனர் யாருமே தங்கவில்லையா என்று கேட்கலாம். மேற்குக் கடற்கரைத் துறைமுகமான முசிறியில் அகஸ்டஸ் கோயில் இருந்ததாகப் பழைய ரோமானிய வழிப்படம் காட்டுவதால், இங்கும் சிலர் தங்கியிருக்கக்கூடும். பருவக்காற்று திரும்பும்வரை கப்பல்காரர்கள் காத்திருக்கத்தானே வேண்டும்! ஆனால் வந்து தங்கியவர்களை வைத்து ஊருக்கு உரிமை கொண்டாட முடியாது. இங்குள்ள கலங்களில் மிகப் பெரும்பான்மை உள்ளூர்ச் சட்டிபானைகளே. இத்தாலியக் கலங்களின் மதிப்பு வேறு: அவற்றின் காலம் திட்டமாகத் தெரிந்ததால், அதே மண்ணடுக்கில் கிடந்த உள்ளூர்ப் பானைகளுக்கும், அவற்றின் வழியே தென்னிந்தியத் தொல்லியலுக்கும், வீலரால் காலம் குறிக்க முடிந்தது.

போம்பெயி போலத் தெருவும் வீடும் எதிர்பார்த்துக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வருபவருக்கு ஏமாற்றமே மிஞ்சும். அகழ்ந்த குழிகள் மூடப்பட்டுவிட்டன. தோப்புக்கிடையே நிற்கும் செங்கல் தூண்களோ 18-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் பாதிரிமார் கட்டியவை. கிடைத்த பொருள்களைக் காண விரும்புவோர் புதுச்சேரி அருங்காட்சியகத்துக்குத்தான் போகவேண்டும்.